மோட்டார் வண்டியின் பேட்டரியும் மும்பையின் மார்கழியும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும், பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டுத் தாங்கள் மட்டும் பழைய வீட்டில் வசிக்கும் பெற்றோர் அநேகர். டிசம்பர் பிறந்துவிட்டால் டொராண்டோவிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ வரும் தொலைபேசிப் பேச்சில், பேரக் குழந்தைகளின் படிப்புக்கும் பனிப்பொழிவுக்கும் நடுவே காரின் பேட்டரியும் தவறாமல் இடம் பெறுகிறது. காலையில் வண்டி கிளம்ப மறுத்தது, கடுங்குளிரிலும் இத்தனை ஆம்பியர் தரும் என்று மேலே அச்சிட்டிருந்ததைப் பார்த்துப் புதிய பேட்டரி வாங்கினேன் என்று மகன் சொல்லக் கேட்கும் தகப்பனார், தம்முடைய வண்டியும் சென்ற வாரம் விடியற்காலையில் ‘டக் டக்’ என்று சத்தமிட்டுவிட்டு நின்றுபோனதை நினைத்துக்கொண்டு, மும்பையிலும் குளிருக்கென்று பேட்டரி பார்த்து வாங்க வேண்டுமோ என்ற யோசனையில் ஆழ்ந்துவிடுகிறார்.

யோசனை நியாயமானதே. ஆயினும் மும்பையின் குளிர் எத்தகையது என்பதை முதலில் நிர்ணயம் செய்துகொள்வது உத்தமம். சாந்தாக்ரூஸ் வானிலை நிலையத்தில் இதுவரை பதிவான மிகக் குறைந்த உஷ்ணம் 7.4 டிகிரி செல்சியஸ். அது 1962ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு தடவை நிகழ்ந்த அபூர்வம். சாமானியமான ஜனவரி இரவில் 17 டிகிரிக்கு அருகே நிற்கும் இந்நகரத்தின் சீதோஷ்ணத்தைக் குளிர் என்று அழைப்பது கம்பளி சால்வை போர்த்திக்கொள்ளும் நமக்குப் பொருந்தலாம்; பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடுகளுக்கும் கந்தகத் திராவகத்துக்கும் பொருந்தாது. மும்பையில் பேட்டரியைக் கொல்வது வெயில். ஏப்ரலிலும் மே மாதத்திலும் அது செய்துவிட்டுப் போகும் சேதம், மழைக்காலம் முழுவதும் மறைந்திருந்து, இயந்திர எண்ணெய் சற்றே தடித்துத் திராவகத்தின் வேகமும் சற்றே மட்டுப்படும் மார்கழிக் காலையில் வெளிப்படுகிறது. பழியைக் குளிர் சுமக்கிறது.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை அறிந்தவர் கடையில் ஏமாறமாட்டார். 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளான்டே கண்டுபிடித்த ஈய-அமில மின்கலமே, எத்தனையோ சீர்திருத்தங்களுடன், இன்றும் நம் வண்டிகளின் முன்மூடிக்கு அடியில் அமர்ந்திருக்கிறது. ஈயத் தகடு ஒன்றும் ஈய டைஆக்ஸைடு பூசிய தகடு ஒன்றும் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் நிற்க, அவற்றிடையே நிகழும் ரசாயன வினையால் ஏறக்குறைய 2.1 வோல்ட் பிறக்கிறது. இத்தகைய அறைகள் ஆறு சேர்ந்தால், முழுதாக மின்னேறிய நிலையில் 12.6 வோல்ட். 1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்ததிலிருந்து, கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை எழுப்பும் வேலையை இந்தப் பெட்டி ஏற்றுக்கொண்டது. அதனிடம் நாம் எதிர்பார்ப்பது சில விநாடிகளுக்கு மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியர்.

கடுங்குளிரில் இந்த ரசாயன வினை மந்தமாகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக்குப் போனால், அதே பேட்டரி தன் வழக்கமான வலிமையில் பாதியைக்கூட வெளிப்படுத்த இயலாத ஸ்திதிக்கு வந்துவிடுகிறது; இயந்திரமோ, எண்ணெய் தேன்பாகாய் இறுகிக் கிடப்பதால், முன்னிலும் அதிகமான பலத்தைக் கேட்கிறது. இந்த இரட்டைச் சோதனையை உத்தேசித்துத்தான், அந்த −18 டிகிரியில், 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் 30 விநாடி எத்தனை ஆம்பியர் தர முடியும் என்று அளந்து பேட்டரியின்மேல் அச்சிடுகிறார்கள். டொராண்டோவில் இருக்கும் மகன் பார்த்து வாங்கியது அந்த எண்ணைத்தான். வின்னிபெக் போன்ற நகரங்களில் கார் நிறுத்துமிடங்களிலேயே இயந்திரத்தைச் சூடாக வைத்திருக்க மின்சாரச் செருகிகள் அமைத்திருக்கிறார்கள் என்றால், அங்கே அந்த எண்ணுக்கு உள்ள அவசியம் விளங்கும்.

உஷ்ணத்தின் வேலை வேறு விதம். அது பேட்டரியின் கையைக் கட்டுவதில்லை. அன்றைய தினம் உற்சாகமாகவே வேலை வாங்குகிறது. ஆனால் தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டத்தை அரிக்கிறது, திராவகத்தின் நீரை ஆவியாக்குகிறது, சும்மா கிடக்கும்போதும் உள்ளிருக்கும் மின்சாரத்தைக் கசியவிடுகிறது. உஷ்ணம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. வெளியே 35 டிகிரி காயும்போது, சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் அடி அடியாக ஊரும் வண்டியின் முன்மூடிக்கு உள்ளே இருக்கும் அனலைக் கையால் தொட்டு அறிந்தவர்கள், இந்நகரில் ஒரு பேட்டரி நான்கு வருஷம் உழைத்தால் அதை நன்றியோடு நினைக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வார்கள். போதாததற்குக் கடற்காற்று வேறு. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, வாசலைன் தடவி வைக்காத வண்டியில், நல்ல பேட்டரியே செத்த பேட்டரி போல நடந்துகொள்ளும்.

தாராவியின் 90 அடி சாலைப் பக்கம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒருவர் நடத்தும் பேட்டரிக் கடையில், டிராம்பே அணு ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற செம்பூர்வாசி ஒருவர் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது நான் அங்கே இருந்தேன்.

“அண்ணாச்சி, குளிர் வந்ததும் பேட்டரி படுத்துடுத்து. குளிரைத் தாங்கறாப்ல பெரிசா ஒண்ணு போட்டுடுங்கோ” என்றார் வந்தவர்.

கடைக்காரர் பதில் சொல்லாமல், லோடு டெஸ்டர் என்னும் சோதனைக் கருவியின் இரு கவ்விகளையும் முனைகளில் மாட்டினார். முள் 12.4இல் நின்றது, பார்ப்பவர்க்குக் குறையொன்றும் தெரியாத எண். அவர் விசையை அழுத்தியதும், உள்ளே இருந்த கம்பி சிவக்கச் சிவக்க, முள் மெல்லச் சரிந்து 9ஐயும் தாண்டிக் கீழே போயிற்று. நல்ல பேட்டரியானால் அது 9.6க்கு மேலேயே நின்றிருக்க வேண்டும்.

“குளிர் என்ன சார் செய்யும்? இது மே மாசத்துலயே போயிருக்கு. இப்பத்தான் உங்களுக்குத் தெரிய வருது. வண்டிய தெனமும் எடுக்கியளா?”

“ஞாயித்துக்கிழமை மாட்டுங்கா மார்க்கெட் வரைக்கும் போவோம். வேற எங்கே போறது?”

“ஆறு நாள் சும்மா நிக்கிற வண்டியில அலாரமும் கடிகாரமும் இழுத்துக்கிட்ட கரண்டு, அரை மணி நேர சிக்னல்ல திரும்ப ஏறாது சார். மறுபடி புதுசு போட்டாலும் இப்படியே வச்சிருந்தா இதே கதிதான்.”

அவர் சொன்னதைக் கணக்கிட்டுப் பார்த்தால் உண்மை புலப்படும். பூட்டி நிறுத்திய நவீன வண்டி 30 மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு நாளில் நான்கு ஆம்பியர்-மணிக்கு மேல் செலவாகிவிடுகிறது. சிறிய பெட்ரோல் காரில் உள்ள 35 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் இது எட்டில் ஒரு பங்கு. குறைந்த மின்னேற்றத்திலேயே வாரக்கணக்கில் கிடக்கும் தகடுகளின்மேல் ஈய சல்பேட் கெட்டிப்படுகிறது; கெட்டிப்பட்டது பிறகு எளிதில் கரைவதில்லை. குர்லா தொழிற்சாலையில் பிறந்த பத்மினி டாக்சிகள் இந்நகரில் ஓடிய காலத்தில், இத்தகைய வண்டியை நாலு பேர் தள்ளிவிட்டுக் கிளப்பிவிடுவார்கள். 2023 அக்டோபரோடு அந்த டாக்சிகளும் ஓய்ந்தன; கியர் தானே மாறும் இன்றைய வண்டிகளைத் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை.

ஆகவே மும்பையில் பேட்டரி வாங்கப் போகிறவர் முதலாவதாகப் பார்க்க வேண்டியது, குளிருக்கான ஆம்பியர் எண்ணுக்கு முன்பாக, அது தயாரான மாதம். எக்ஸைடாயினும் அமரானாயினும் வேறெந்தப் பெயராயினும், கடையின் அலமாரியில் ஒரு கோடையைக் கழித்துவிட்ட பேட்டரி, வண்டியில் ஏறுமுன்பே தன் ஆயுளில் ஒரு பகுதியை இழந்துவிட்டது. மூன்று மாதத்துக்குள் தயாரானதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. அதற்காகக் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போவதில் தோஷமில்லை.

அடுத்தது அளவு. 38பி20எல் என்பது போல மேலே பொறித்திருக்கும் குறியில், நடுவில் வரும் 20 என்பது சென்டிமீட்டரில் நீளம். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதைக் காட்டுவது. இது பிசகினால் வண்டியின் கம்பி முனைக்கு எட்டாது. இழுத்துக் கட்டிச் சமாளித்தால் பிறகு பெரிய சேதம் நேரலாம். டீசல் வண்டிக்கு அதன் அழுத்தம் காரணமாக அதிகத் திறன் வேண்டும். சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் வண்டியானால், அதற்கென்று தயாரித்த வகையைத்தான் போட வேண்டும். விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் பொருத்துவது வீண் செலவு. மற்றபடி, பெரிதாகப் போட்டால் நெடுநாள் வரும் என்ற எண்ணத்துக்கு ஆதாரம் குறைவு. ‘24+24’ என்ற உத்தரவாதத்தில் முதல் 24 மாதங்கள்தாம் இலவச மாற்று, அடுத்தவை வெறும் தள்ளுபடி என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். புதியதைப் பொருத்தியவுடன், இயந்திரம் ஓடுகையில் முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் கோளாறு இருந்தால் எந்தப் பேட்டரியும் பிழைக்காது.

குளிர்காலப் பேட்டரியின் விசாரம் மெய்யாகவே தேவைப்படும் மும்பைவாசிகளும் இருக்கிறார்கள்: ஜனவரியில் மணாலிக்கும் ஸ்பிதிக்கும் லடாக்குக்கும் சொந்த வண்டியில் பிரயாணம் போகிறவர்கள். டீசலே உறைந்துபோகும் பிரதேசம் அது. −33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று கொண்டுவந்ததை நினைவூட்டினால் போதும். இவர்கள் அறிய வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. முழுதாக மின்னேறிய பேட்டரியின் திராவகம் −50 டிகிரியிலும் உறைவதில்லை. ஏறக்குறைய வெறுமையான பேட்டரியிலோ அது நீரின் தன்மையை நெருங்கிவிடுவதால், −8 டிகிரிக்கு அருகிலேயே பனிக்கட்டியாகிப் பெட்டியை விரிசல் காணச் செய்யும். அவ்வாறு உறைந்ததற்கு இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போடுவது பேராபத்து. மூன்று கோடை கண்ட மும்பைப் பேட்டரியோடு மலை ஏறுவதைவிட, கிளம்புமுன் பரீட்சித்து மாற்றிவிடுவதே விவேகம்.

 

இனிச் சொல்லப்போவதை நான் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். தாராவியின் 13 காம்பவுண்ட் என்னும் பகுதியில் பிளாஸ்டிக்கும் தகரமும் அட்டையும் மறுபிறவி எடுப்பதைக் கண்டு உலகமே வியக்கிறது. அந்த உழைப்பை நானும் வணங்குகிறேன். ஆனால் ஈயம் அவற்றோடு சேர்ந்ததன்று. 327 டிகிரியில், சாதாரணக் கரி அடுப்பிலேயே உருகிவிடும் அதன் எளிமைதான் அபாயம்; நம் தேசத்தில் எத்தனையோ ஊர்களில், பேட்டரியை உடைத்துத் திராவகத்தைச் சாக்கடையில் கொட்டி, வீட்டுப் புறத்தில் ஈயத்தை உருக்கும் தொழில் நடக்கிறது. அந்தப் புகையும் தூசியும் முதலில் சேர்வது தரையில் விளையாடும் குழந்தையின் உடலில். மூளையின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும் அந்த விஷத்துக்கு, இவ்வளவு வரை பாதகமில்லை என்ற எல்லையே கிடையாது. உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரது ரத்தத்தில் கவலைக்குரிய அளவு ஈயம் இருக்கிறது என்று 2020இல் யுனிசெஃப் அறிவித்தது. பங்கார் எனப்படும் பழைய சாமான் கடையில் நூறு ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்பதற்காகப் பழைய பேட்டரியை அங்கே போடுகிறவர், அந்தக் குழந்தையைக் கண்ணால் பார்த்தால் போடமாட்டார் என்று நான் நம்புகிறேன்.

விற்பவரே பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2001ஆம் ஆண்டின் விதிகளே கூறின; 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்தன. ஆகையால் பழையதை நிறுவனத்தின் டீலரிடமே கொடுத்து, அதற்காகக் கழித்த தொகையை ரசீதில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போகிறதா என்றும் கேளுங்கள். வீட்டிலிருந்து எடுத்துப் போவதானால், கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, மூடிகளை இறுக்கி, டிக்கியில் நிமிர்த்தி வைத்துச் சாயாமல் அணை கொடுத்து, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போவது நல்லது.