மண்ணைக் காக்கும் வேர்கள்

“சிறு துளி பெருவெள்ளம்” என்பது முன்னோர் மொழி. சேமிப்பின் சிறப்பை விளக்கவே இதனைப் பலரும் எடுத்தாளுகின்றனர். குன்றுச் சரிவில் வாழ்வோர்க்கோ இது சொல்லுக்குச் சொல் மெய்யாகும். புல்பூண்டின்றிக் கிடக்கும் சரிவில் விழும் ஒவ்வொரு துளியும் மண்ணைச் சிதறடிக்கின்றது. ஓடும் நீர் அதனை வாரிச் செல்கின்றது. சில மழைக்காலங்களுக்குள் அவ்விடம் ஓடையாகிப் பள்ளமாகின்றது.

பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் ஆகிய இடங்களின் குன்றுகள் சார்னகைட் என்னும் கடினப் பாறையால் ஆனவை. அவற்றின்மேல் உள்ள மண் மெல்லிய போர்வையே. அது கரைந்தால் எளிதில் மீளாது. கரைந்த மண் அடிவாரத்து வடிகால்களையும் ஏரிகளையும் தூர்க்கின்றது. ஏரி தூர்ந்தால் கோடையில் நீரில்லை. மாரியிலோ வெள்ளம் வாசலுக்கு வருகின்றது. 2015 டிசம்பர் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. முடிச்சூர் மக்கள் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அத்துயருக்குக் காரணங்கள் பல. நீர் செல்லும் வழிகள் தடைப்பட்டிருந்ததும் அவற்றுள் ஒன்று.

ஆகவே, சரிவில் நடுவதற்குச் செடி தேடுவோர் “எது விரைவில் வளரும்?” என்று கேட்பதினும், “எதன் வேர் மண்ணைப் பற்றும்?” என்று கேட்பதே முறை.

முதலிடம் புல்லுக்கு உரியது. அதிலும் வெட்டிவேர் தலைசிறந்தது. அதன் வேர்கள் பக்கவாட்டில் பரவாமல் 3 மீட்டருக்கு மேலும் நேர்கீழே இறங்க வல்லவை. 1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்கள் இதனை மண்காப்புக்கெனப் பல நாடுகளிலும் பரப்பினர். தூர்களைப் பிரித்து, ஒரு சாண் இடைவெளிக்குள், சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் வரிசையாக நடுதல் வேண்டும். மேலிருந்து கீழாக நட்டால் நீருக்கு வழி திறந்ததாகும். நறுமணத்திற்காக வேரைத் தோண்டினாலோ காவலனையே களைந்தவராவோம்.

அடுத்து, புதர்கள். ஆவாரை, விராலி, நொச்சி, களா முதலியவை வறண்ட சரளை மண்ணிலும் வாழும். ஆவாரையையும் விராலியையும் ஆடுகள் பெரும்பாலும் தீண்டுவதில்லை. 1937இல் தாம்பரத்திற்கு வந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வளாகத்தில், இப்பகுதிக்குரிய புதர்க்காடு இன்றும் செழித்திருப்பதைக் காணலாம்.

மரங்கள் மூன்றாவதாக வருக. மண் ஆழமுள்ள இடத்தில் வேம்பும் புங்கும் ஏற்றவை. மெல்லிய மண்ணில் உயர்ந்த மரம் காற்றுக்குச் சாயும். சாய்கையில் மண்ணையும் பெயர்த்துவிடும். 2016இல் வர்தா புயல் சாய்த்த மரங்கள் எத்தனை! தைலமரத்தடியில் புல்பூண்டு செழிப்பது அரிது. ஆதலின் அது சரிவுக்கு உதவாது. சீமைக் கருவேலத்தை நீக்குவோரும் ஒரேயடியாக வேரோடு பிடுங்காமல், சிறிது சிறிதாக அகற்றி, அவ்வவ்விடத்தில் உடனே வேறு நடுதல் நன்று.

ஆவணி, புரட்டாசி மழையில் நட்டால், ஐப்பசி அடைமழைக்குமுன் வேர் ஊன்றும். ஒன்றை மட்டும் மறவற்க: செடிகள் மேல்மண்ணையே காக்கும். செங்குத்தாக வெட்டப்பட்ட மண்சுவரையோ, உருளும் நிலையிலுள்ள பாறையையோ அவை தாங்கா. அங்குப் பொறியாளரின் அறிவுரையும் தடுப்புச் சுவரும் இன்றியமையாதவை.

நிலத்தைப் பண்படுத்தவும் காக்கவும் இறைவன் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்தார் என்கிறது தொடக்கநூல். பண்படுத்துவதை நாம் அறிவோம், காப்பதையோ மறந்துவிடுகிறோம். மேட்டில் வாழ்பவரின் மண்ணே பள்ளத்தில் வாழ்பவரின் வாசலை அடைக்கின்றது. எனவே, நம் வீட்டுச் சரிவில் ஒரு வரிசை வெட்டிவேர் நடுவதும் பிறரன்புப் பணியேயாகும். ஒவ்வோர் அன்பியமும் இவ்வாண்டு மழைக்குமுன் ஒரு சரிவைத் தெரிந்தெடுத்து இப்பணியைத் தொடங்குமாக!