‘ரெண்டு பெக் நெஞ்சுக்கு நல்லது’

டீ ஆறிடும், எடுத்துக்குங்க அண்ணே. சர்க்கரை போடல.

‘அளவாக் குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதாமே’ என்கிறீர்கள். அந்தப் பேச்சைப் பெரிதாகப் பரப்பியது 1991-ல் வந்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி. பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸுமாகத் தின்றும் மாரடைப்பு குறைவு, எல்லாம் சிவப்பு ஒயினின் புண்ணியம் என்றார்கள். பிறகு வந்த சில ஆய்வுகளில், உங்களைப்போன்ற சர்க்கரை நோயாளிகளிலும் அளவாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவாகத்தான் தெரிந்தது. ஆனால் ‘குடிக்காதவர்’ கூட்டத்தில் இருந்தது யார்? உடம்பு கெட்டுப்போய்க் குடியை விட்டவர்களும் அதில் உண்டு. அவர்கள் பக்கத்தில் நிறுத்தினால் யாரும் திடகாத்திரமாகத்தான் தெரிவார்கள். பிரிட்டனில் ஷேப்பர் என்ற ஆய்வாளர் 1988-லேயே இதைச் சொன்னார். குடிக்கச் சொல்லும் சேதிக்குத்தானே கால் முளைக்கும்!

ஒயினுக்குச் சாதகமாகவும் ஒன்று உண்டு. இஸ்ரேலில் 224 சர்க்கரை நோயாளிகளை இரண்டு வருடம் கவனித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு இரவுச் சாப்பாட்டோடு 150 மில்லி ஒயின், சிலருக்கு வெறும் தண்ணீர். சிவப்பு ஒயின் குடித்தவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் கொஞ்சம் ஏறியது. அதனால் மாரடைப்பு குறைந்தது என்று அதில் யாரும் காட்டவில்லை.

நம்மூர்க் கணக்குக்கு வாருங்கள். ஒரு குவார்ட்டர் பிராந்தியில் சுத்த ஆல்கஹால் 60 கிராம். அந்த 150 மில்லி ஒயினைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு. 400 கலோரிக்கு மேல், சைடிஷ் தனி. அந்த அளவில் ரத்த அழுத்தமும் ட்ரைகிளிசரைடும் ஏறும், இதயத் துடிப்பும் தாளம் தப்பலாம். சர்க்கரை ஏற்கெனவே அரித்து வைத்த ரத்தக்குழாய்க்கு இது எதற்கு?

எனக்கு இதைவிடப் பயம் ராத்திரியை நினைத்துத்தான். சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் ரத்தத்துக்குச் சர்க்கரை செய்து அனுப்புவது கல்லீரல். ஆல்கஹால் உள்ளே வந்தால் அதைக் கழிக்கும் வேலையில் மாட்டிக்கொண்டு, சர்க்கரை செய்வதைக் குறைத்துவிடும். நீங்கள் போடும் கிளிமெபிரைடு மாத்திரையோ, இன்சுலினோ அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். வாயிலும் வாடை அடிக்கிறதா, ‘போதையில கெடக்குறாரு, தூங்கட்டும்’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சர்க்கரை அப்படி இறங்கும்போது இதயத்துக்கும் ஆபத்துதான்.

இதுவரை குடிக்காதவர் நெஞ்சுக்காகத் தொடங்க வேண்டியதே இல்லை. உங்களைப்போல விட முடியாதவர்கள் வெறும் வயிற்றில் தொடாதீர்கள். படுக்கும் முன் சர்க்கரையைப் பாருங்கள். அண்ணியிடமும் இந்த அறிகுறிகளைச் சொல்லி வையுங்கள். டாக்டர் கேட்டால் ‘எப்பவாவது’ என்று இழுக்காமல், வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர் என்றே சொல்லுங்கள். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை அவர் அதையும் பார்த்துத்தான் எழுத வேண்டும்.