வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண: மோடத்தையும் ரூட்டரையும் முறையாக இணைத்தல்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளிகளுள் பலரை இப்போது காணொளி அழைப்பின் வழியாகவே மறுபரிசோதனை செய்கிறோம். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பகுதிகளிலிருந்து ஆறாத புண்ணோடு பேருந்தில் ஏறி மாட்டுத்தாவணியிலோ ஆரப்பாளையத்திலோ இறங்கி வரும் துன்பம் இதனால் பெருமளவு குறைந்திருக்கிறது. ஆயினும், அழைப்பு பாதியில் அறுந்துபோவதையும், படம் உறைந்து நின்றுவிடுவதையும் நாங்கள் அடிக்கடி காண்கிறோம். புண்ணைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, வீக்கம் கூடியிருக்கிறதா என்று மருத்துவர் உற்றுநோக்கும் அந்த நேரத்தில் படம் மங்கினால், நோயாளியை நேரில் வரச்சொல்வதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தகைய வீடுகளில் விசாரித்தபோது ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தெரியவந்தது. இணைய நிறுவனம் கொடுத்த மோடம் கூடத்தில் இருக்கிறது. நோயாளி படுத்திருப்பதோ உள்ளறையில். அங்கே அலை எட்டாததால் பிள்ளைகள் புதிதாக ஒரு ரூட்டர் வாங்கி வந்து இணைத்திருக்கிறார்கள். இணைத்த முறையில்தான் பிழை. அதனை எளிதாகத் திருத்திக்கொள்ள இக்கட்டுரை உதவும் என நம்புகிறோம்.

இரண்டு கருவிகள், இரண்டு வேலைகள்

மோடம் என்பது வெளியிலிருந்து வரும் கம்பியின் மொழியை வீட்டுக் கருவிகளுக்குப் புரியும் மொழியாக மாற்றித் தருவது. பழைய தொலைபேசிக் கம்பி இணைப்பில் அது மின் குறிப்பை மாற்றுகிறது. இன்றைய கண்ணாடியிழை இணைப்பில் ஒளிக்குறிப்பை மாற்றுகிறது. கண்ணாடியிழைக்கான பெட்டியை ஓ.என்.டி. என்பர், பேச்சு வழக்கில் அதுவும் மோடமே. ரூட்டரின் வேலை வேறு. வந்து சேர்ந்த ஓர் இணைப்பை வீட்டிலுள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகிய அனைத்துக்கும் பங்கிட்டுத் தருவதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி வழங்குவதும் அதன் பொறுப்பு.

இக்காலத்தில் நிறுவனங்கள் தரும் பெட்டிகள் பெரும்பாலும் இவ்விரு வேலைகளையும் சேர்த்தே செய்கின்றன. சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. அந்தப் பெட்டியோடு இன்னொரு ரூட்டரை இணைக்கும்போது, ஒரே வீட்டில் முகவரி வழங்குவோர் இருவர் ஆகிவிடுகின்றனர். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் என்ன பாடுபடுவார்? அதே குழப்பம்தான் இங்கும் நேர்கிறது. ஒரு கைப்பேசியில் இணையம் வரும், மற்றொன்றில் வராது. காலையில் வரும், மாலையில் வராது.

இணைக்கும் முறை

1. புதிய ரூட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். நான்கு துளைகள் ஒரே நிறத்திலும் ஒன்று மட்டும் தனியாகவோ வேறு நிறத்திலோ இருக்கும். தனித்த துளையின் அருகில் ‘டபிள்யூ.ஏ.என்.’ என்றோ ‘இன்டர்நெட்’ என்றோ எழுதியிருக்கும். இணையம் உள்ளே நுழையும் வாசல் இதுவே. மற்றவை ‘எல்.ஏ.என்.’ துளைகள், அவை வீட்டுக் கருவிகளுக்கு உரியவை.

2. இரு கருவிகளின் மின்சாரத்தையும் நிறுத்துங்கள். மோடத்தின் ‘எல்.ஏ.என்.’ துளை ஒன்றிலிருந்து ரூட்டரின் தனித்த துளைக்கு லேன் கேபிளை இணையுங்கள். தொலைபேசிக் கம்பியின் முனை இதனினும் சிறியது. அதனை இங்கே செருக முயலவேண்டாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தடையின்றி வேலை செய்யும். எனவே கூடத்திலிருந்து நோயாளியின் அறைவரை கேபிளைக் கொண்டுசென்று ரூட்டரை அங்கேயே வைக்கலாம்.

3. முதலில் மோடத்தை இயக்குங்கள். விளக்குகள் நிலைபெற இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து, பிறகு ரூட்டரை இயக்குங்கள்.

4. ரூட்டரின் அடியில் ஒட்டப்பட்டுள்ள தாளில் அதன் வை-ஃபை பெயர், கடவுச்சொல், அமைப்புப் பக்கத்தின் முகவரி ஆகியவை இருக்கும். கைப்பேசியை அந்த வை-ஃபையில் சேர்த்து, அப்பக்கத்தைத் திறந்து, இணைப்பு வகையைத் தேர்ந்தெடுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கெனவே மோடத்தில் பதிவாகியிருந்தால் ‘தானியங்கி’ முறையே போதும்.

5. மோடத்தின் முகவரியும் ரூட்டரின் முகவரியும் 192.168.1.1 என ஒன்றாகவே அமைந்துவிடுவது உண்டு. அவ்வாறாயின் ரூட்டரின் முகவரியை 192.168.2.1 என மாற்றிவிடுங்கள். மேற்சொன்ன கதவிலக்கக் குழப்பம் தீர்ந்துவிடும்.

6. இறுதியாக, பழைய கடவுச்சொல்லை நீக்கிப் புதியதொன்றை அமையுங்கள். நோயாளியின் மருத்துவ விவரங்கள் செல்லும் வழி இது என்பதை மறவாதீர்கள்.

இவ்வாறு இணைத்தபின் பெரும்பாலான வீடுகளில் குறை தீர்ந்துவிடும். இன்னும் செம்மையாக வேண்டுமெனில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ரூட்டரை ‘அக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுவது. அப்போது முகவரி வழங்கும் வேலையை மோடமே செய்யும். ரூட்டர் அலையை மட்டும் பரப்பும். மற்றொன்று, நிறுவனத்தாரிடம் சொல்லி மோடத்தை ‘பிரிட்ஜ்’ முறைக்கு மாற்றச்செய்வது. அப்போது பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரூட்டரில் பதிய வேண்டும். முதல் வழி எளிது. அதனையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

கண்ணாடியிழைக் கம்பியைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அதன் வழியே வருவது கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளி. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. அக்கம்பியைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது. மோடத்தில் ‘எல்.ஓ.எஸ்.’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளிக்குறிப்பு வந்து சேரவில்லை என்பது பொருள். அதனை நிறுவனத்தார்தாம் சரிசெய்ய வேண்டும்.

பழைய தொலைபேசிக்கான மின்சாரம் நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்தது. ஆகவே வீட்டில் மின்தடை ஏற்பட்டாலும் அது பேசியது. கண்ணாடியிழை இணைப்பில் வரும் தொலைபேசி அவ்வாறன்று. மோடம் அணைந்தால் தொலைபேசியும் அணைந்துவிடும். எனவே 108 அவசர ஊர்தியை அழைப்பதற்கு, மின்னேற்றிய கைப்பேசி ஒன்று எப்போதும் நோயாளியின் அருகில் இருக்க வேண்டும். சிறிய யு.பி.எஸ். வாங்குவோர் அதனை ரூட்டருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மோடத்தை மறந்துவிடுகின்றனர். இரண்டும் இயங்கினால்தான் இணையம் வரும். வாங்குமுன் இரு கருவிகளின் அடாப்டரிலும் எழுதியுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளை ஒப்புநோக்குங்கள்.

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வை-ஃபை உள்ள அறையில் இருக்கலாமா என்று கேட்கின்றனர். தாராளமாக இருக்கலாம். கருவியை மார்போடு அணைத்துக்கொள்ளாமல் குறைந்தது 15 சென்டிமீட்டர் தொலைவில் வைத்திருந்தால் போதும்.

நம் மண்ணின் முன்னனுபவம்

காணொளி மருத்துவம் நகரத்து வசதி என்று எண்ணுவோர் உளர். நம் பகுதியின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-த்தை அடுத்த பத்தாண்டில் தேனி வட்டாரச் சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்தது. அங்கே நல்ல இணையக் கம்பி இல்லாத நிலையில், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, வீடுகளில் பயன்படும் அதே வை-ஃபை நுட்பத்தைத் திசைநோக்கிய உணர்கொம்புகளின் வழியே பல கிலோமீட்டர் தொலைவுக்குச் செலுத்தினர். சிற்றூரில் அமர்ந்திருந்த நோயாளியைத் தேனியிலிருந்த மருத்துவர் திரையில் கண்டு பேசினார். விலையுயர்ந்த கருவிகளைக் காட்டிலும், இருப்பதை முறையாக இணைப்பதே பயன் தரும் என்பதற்கு அம்முயற்சி நல்ல சான்று.

அழைப்புக்கு முதல்நாள் மாலை, குறித்த அறையில், குறித்த கைப்பேசியில், உறவினர் ஒருவருக்குக் காணொளியில் அழைத்துப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். படம் உறையாமல் இருந்தால் எங்களுக்கும் அது தெளிவாகவே தெரியும். தடுமாற்றம் இருந்தால் மேற்கண்ட படிகளை ஒருமுறை சரிபாருங்கள். அப்போதும் சரியாகவில்லை எனில், குறித்த நேரத்துக்கு முன்பே எங்கள் வரவேற்புப் பிரிவுக்குத் தெரிவியுங்கள். சாதாரணத் தொலைபேசி அழைப்பிலேயே மருத்துவர் உங்களிடம் பேச ஏற்பாடு செய்வோம்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, நிற்காத இரத்தப்போக்கு, நினைவு தடுமாறுதல் ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் காணொளிக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.