புல்வெளிக்குச் சாட்சி சொல்லும் பூந்தாது

செம்பருத்தியைப் பறிக்கும்போது விரலில் மஞ்சள் தூள் ஒட்டிக்கொள்ளும். அதுதான் மகரந்தம். கையைத் துடைத்ததும் மறந்துவிடுகிறோம். ஆனால், ஒரு பூவின் தூள் சதுப்பு நிலத்தில் விழுந்து சேற்றில் புதைந்தால், பல்லாயிரம் ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். அதைத் தோண்டியெடுத்து, அன்றைக்கு அங்கே என்னென்ன வளர்ந்தன, பருவநிலை எப்படி இருந்தது என்று கணிக்கும் துறை மகரந்தவியல். நீலகிரிப் புல்வெளிகளின் வயது பற்றிய வழக்கில் முக்கியச் சாட்சி இந்தத் தூள்தான்.

அமிலத்துக்கும் அசையாத உறை

பெரும்பாலான மகரந்தத் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கு வரைதான் இருக்கும். வெளிச்சுவர், ஸ்போரோபொலெனின் என்ற மிக உறுதியான பொருளால் ஆனது. காற்றுப் புகாத சேற்றில் உள்ளீடு மக்கிப்போனாலும் சுவர் நிலைத்துவிடும். அந்தச் சுவரின் அமைப்பே செடியின் அடையாளம். நுண்ணோக்கியில் செம்பருத்தியின் துகள் முட்கள் நிறைந்த பந்து; புல்லினுடையது ஒரே ஒரு துளையுள்ள உருண்டை; பைன் மரத்தினுடையது இருபுறமும் காற்றுப்பை கொண்டது.

சதுப்பிலோ ஏரிப் படுகையிலோ குழாயை இறக்கிச் சேற்றை அடுக்குக் குலையாமல் எடுக்கிறார்கள். கீழே போகப் போகக் காலம் பின்னோக்கிச் செல்லும். சில சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி வீதம் எடுத்து, காரத்திலும் அமிலத்திலும் இட்டு மண்ணையும் மட்கையும் கரைத்துவிடுகிறார்கள். எஞ்சும் மகரந்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, ஒரு மாதிரிக்குச் சில நூறு துகள்கள் எண்ணுவது வழக்கம். எந்த அடுக்கில் எந்தச் செடி எத்தனை சதவீதம் என்று வரைபடமாக்கும் முறையை 1916இல் சுவீடன் அறிஞர் லெனார்ட் வான் போஸ்ட் அறிமுகப்படுத்தினார். அடுக்குகளின் வயதை ரேடியோ கார்பன் முறை சொல்கிறது.

துகள் எந்தச் செடியுடையது என்று தெரிய, இன்றைய செடிகளின் மகரந்தத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்கான பெரிய சேகரிப்பு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது. அங்கு மகரந்தவியலை வளர்த்தவர் கணபதி தணிகைமணி.

நீலகிரி சொன்ன கதை

நீலகிரியின் உச்சிப் பகுதியில் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியும் அருகருகே இருக்கின்றன. முன்பு மேடெல்லாம் காடாக இருந்தது, மனிதர்கள் வெட்டியும் எரித்தும் புல்வெளியாக்கினார்கள் என்ற கருத்து ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. ஊட்டியைச் சுற்றியுள்ள சதுப்புகளில் விஷ்ணு மித்ரேயும் எச்.பி.குப்தாவும் செய்த மகரந்த ஆய்வு 1971இல் வெளியானது. அதுவும் பின்வந்த ஆய்வுகளும், இந்தப் புல்வெளி பல்லாயிரம் ஆண்டுப் பழமையானது என்று காட்டின.

மகரந்தத்துக்கும் எல்லை உண்டு. காற்றில் தூவும் செடிகள் ஏராளமாகத் தூளை உதிர்க்கும். பூச்சிகளை நம்பும் மரங்கள் குறைவாகவே உதிர்க்கும். எனவே, எண்ணிக்கையை அப்படியே காட்டின் அளவாகக் கொள்ள முடியாது. புற்களின் துகள்களோ பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், வறட்சியைத் தாங்கும் புல்லையும் ஈரத்தில் செழிக்கும் புல்லையும் பிரித்தறிவது கடினம்.

இந்த இடத்தில் கைகொடுப்பவை கார்பன் ஐசோடோப்புகள், அதாவது எடையில் வேறுபடும் கார்பன் அணுக்கள். இவ்விரு வகைப் புற்களிலும் கனமான கார்பனின் விகிதம் வேறுபடும். நீலகிரியின் சாண்டிநல்லா பள்ளத்தாக்குச் சேற்றில் அதை அளந்து, ஆர்.சுகுமார், ஆர்.ரமேஷ் உள்ளிட்டோர் 1993இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டனர். பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அந்த மலை வறண்டிருந்தது. பிறகு பருவமழை வலுத்து, ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் ஈரம் உச்சத்தைத் தொட்டது. 6,000 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி தலைகாட்டியது. மழை கூடினால் சோலை விரியும், குறைந்தால் புல் பரவும். இந்த ஏற்ற இறக்கத்தில் இரண்டுமே தாக்குப்பிடித்திருக்கின்றன.

தரிசு என்ற பிழை

இந்தப் புல்வெளியைத்தான் பயனற்ற நிலம் என்று கருதி, பிரிட்டிஷ் காலம் தொட்டு சீகை மரத்தையும் யூகலிப்டஸையும் பைனையும் நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. மழைநீரை உறிஞ்சி ஓடைகளுக்கு மெல்ல விடுகிற, வரையாடு மேய்கிற நிலத்தில் பெரும்பகுதி இப்படி மறைந்தது. இன்று சீகையை அகற்றிப் புல்லை மீட்கும் பணி நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய பணி அது.

மரம் நடுவது நல்ல காரியம்தான். ஆனால், எல்லா நிலமும் காடாக வேண்டியதில்லை. ஒரு மலைச்சரிவில் குழி தோண்டும் முன், அங்கே காலம் காலமாக எது வளர்ந்தது என்று அந்த மண்ணையே கேட்போம். விடை அதற்குள் பத்திரமாக இருக்கிறது.