சாணைக் கல்லின் பேச்சு

சாந்த்ராகாச்சியில் வந்திறங்கும் தமிழன் காதில் முதலில் விழுவது வங்காளிப் பேச்சு. ஹௌராவின் பட்டறைச் சந்துகளில் நுழைந்தால் கேட்பதோ சாணைக் கல்லின் பேச்சு! ஒரு காலத்தில் ‘கிழக்கின் ஷெஃபீல்டு’ என்று பெயர் வாங்கிய ஊரல்லவா?

என் அறைக்கருகே ஒரு சிறு பட்டறை. அங்கே ஒரு கிழ மிஸ்திரி எஃகுத் தண்டுகளைச் சாணை பிடிக்கிறார். திடீரென்று நிறுத்துவார், வைரமுனையால் கல்லின் முகத்தைச் சீவுவார், மீண்டும் தொடங்குவார். “எப்படித் தெரிந்தது?” என்றேன். “கல்லே சொல்கிறதே, பாபு! உங்கள் மதராஸ் கல்தான்” என்று சிரித்தார். சென்னையில் 1954-இல் தோன்றிய கார்போரண்டம் யுனிவர்சல் கம்பெனியின் கல் அது.

கல் சொல்வதென்ன? அதன் முகமெங்கும் கடினமான மணிகள். கூரான மணி எஃகைச் சீவும். மழுங்கிய மணி வெறுமனே தேய்க்கும். தேய்த்தால் சூடு பிறக்கும். சூடு மிஞ்சினால், பதமேற்றிய எஃகின் மேல்தோல் இளகிவிடும். இன்னும் மிஞ்சினால் நொறுங்குந் தன்மை அடையும். இதுவே ‘கருகல்’. கடைசி மெருகில் இது கண்ணுக்கு மறைந்துவிடும். பின்னொரு நாள், பாரம் தாங்கும்போது, அங்கிருந்தே விரிசல் புறப்படலாம்.

மிஸ்திரியின் செவி செய்யும் வேலையை இன்று உணர்கருவிகள் செய்கின்றன. ஒன்று மோட்டார் இழுக்கும் மின்சாரத்தை அளக்கிறது. கல் மழுங்கினால் அது பெரும்பாலும் கூடும். மற்றொன்று அதிர்வை அளக்கிறது. மூன்றாவது உலோகத்திற்குள் எழும் நுண்ணொலியைக் கேட்கிறது. நம் செவிக்கு எல்லை விநாடிக்கு 20,000 அதிர்வு. இக்கருவியோ லட்சக்கணக்கான அதிர்வுகளையும் கேட்கும். பாரம் ஏற்றிய உலோகங்கள் எழுப்பும் ஒலியை ஜெர்மனியின் ஜோசப் கைஸர் ஆராய்ந்து 1950-இல் ஆய்வேடாக்கினார். இத்துறைக்கு அது ஓர் அடிப்படை. குறிகள் எல்லை கடந்தால், கணிப்பொறி யந்திரத்தை நிறுத்திவிடும்.

ஆனால், அந்த எல்லையை வகுப்பது யார்? எஃகு மாறினாலும், குளிர்நீர் குறைந்தாலும் குறி மாறும். ஆகவே முதலில் நல்ல துண்டுகளையும் கருகிய துண்டுகளையும் சேர்த்து, நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் சோதித்து, கணிப்பொறிக்குக் கற்பிக்க வேண்டும். எந்தக் குரல் எந்தக் குற்றத்தைக் காட்டும் என்று அறிந்த ஆசிரியர் அந்த மிஸ்திரிதான்.

இப்போதெல்லாம் அவரிடம் நான் இரண்டு முறை கேட்டால்தான் பதில் வருகிறது. நாற்பதாண்டுச் சத்தம் செவியைத் தின்றுகொண்டிருக்கிறது. தூசி நெஞ்சில் இறங்கியிருக்கிறது. கருவி வந்தால் அவர் தள்ளி நின்று மேற்பார்வை பார்க்கலாம். நண்பர்களே, பொறியியல் பயில்வோர் ஒரு மாலை என்னுடன் வாருங்கள். அவர் செவி அடைபடுமுன் அந்தப் பாடத்தை எழுதி வைப்போம்.