எந்தச் சாவை வகுப்பில் சொல்லலாம்?

தேற்றாத்தீவுச் சந்தியில் வடக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் மட்டக்களப்பு நகருக்கு முன்பே காத்தான்குடி வந்துவிடும். 1990 ஆகஸ்ட் 3 இரவு அங்கே இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஐந்து கிழமை கழித்து, செப்டெம்பர் 9 அன்று, நகருக்கு அந்தப் பக்கம் சத்துருக்கொண்டானில் இராணுவம் கூட்டிப்போன தமிழர்கள், குழந்தைகள் உட்பட, 180 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். வாவிக்கு அப்பால் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலை 1987இலும் 1991இலும் இரண்டு தடவை படுகொலை கண்டது.

இந்த மூன்றையும் ஒரே பாடவேளையில் ஓர் ஆசிரியர் சொன்னால் சட்டம் அவரைக் காக்குமா, பிடிக்குமா? உலகில் வேறு இடங்களிலும் இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2021 மே மாதம் ஒரு சட்டம் இயற்றியது. ஆண்டுதோறும் மே 18இல் முடியும் ஏழு நாட்களும் தமிழினப் படுகொலை கல்வி வாரம் என்றது அது. மாகாணசபை உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த மசோதா. இலங்கை வம்சாவளிக் கனடியர் அமைப்புகள் சில வழக்குத் தொடுத்தன. இந்தச் சட்டம் பேச்சுரிமையையும் சமத்துவத்தையும் மீறுகிறது, சிங்களவர்களுக்குக் களங்கம் உண்டாக்குகிறது என்பது அவர்களின் வாதம். 2022இல் மாகாண மேல் நீதிமன்றமும் 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. 2025 மார்ச்சில் கனடிய உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. இதில் கவனிக்க வேண்டியது சட்டத்தின் வாசகம்: அறிந்துகொள்ளும்படி மக்களை ஊக்குவிக்கிறது, அவ்வளவுதான். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மறுத்துப் பேசுபவருக்குத் தண்டனையும் வைக்கவில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா 2025 அக்டோபரில் பள்ளிகளில் யூத வெறுப்பைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. பாலஸ்தீனம் பற்றி வாய் திறந்தாலே முறைப்பாடு வரும் என்று ஆசிரியர்கள் அங்கே எதிர்ப்புக் காட்டினார்கள். பிள்ளையைக் காக்கும் சட்டம் பாடத்தை முடக்கிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. அந்தச் சட்டம் தேவைப்பட்ட பிள்ளையின் பயமும் நியாயமானதுதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை இனம், மதம், மொழி ஆகியவற்றோடு அரசியல் அபிப்பிராயத்தின் பேரிலும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. 14ஆவது உறுப்புரை பேச்சுரிமை தருகிறது. இன, மத நல்லிணக்கத்தின் பேரில் அதைச் சட்டத்தால் மட்டுப்படுத்த 15ஆவது இடம் விடுகிறது. அந்த இடத்தில் வந்து நிற்பதுதான் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம். பாரபட்சத்தையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் வகையில் இன, மத வெறுப்பைப் பரப்புவது குற்றம். பத்து ஆண்டு வரை சிறை. எழுத்தில் நல்ல சட்டம். ஆனால் பிணை வழங்கும் அதிகாரம் மேல் நீதிமன்றத்துக்கு மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழ்நிலையில்தான். குற்றவாளி என்று தீர்ப்பு வரும் முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது.

2024 மே மாதம் சம்பூரில், போரின் இறுதி நாட்களில் இறந்தவர்களை நினைவுகூரும் முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்த பெண்களை விளக்கமறியலில் வைக்கப் பயன்பட்டது இந்தச் சட்டம்தான். அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. அதை வாங்கிக் குடித்தவர் யாரை வெறுக்கத் தூண்டப்பட்டார் என்று யாராவது விளக்க வேண்டும். 2021 மே மாதம், ஒன்ராறியோவில் அந்த மசோதா சட்டமானபோது, இங்கே கல்குடாப் பக்கம், போரில் இறந்தவர்களைக் கடற்கரையில் நினைவுகூர்ந்த பத்துப் பேர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்டார்கள். பிணை கிடைத்தது டிசம்பரில்.

ஆசிரியர்களுக்கு இதைவிட நெருக்கமானது அஹ்னாஃப் ஜஸீமின் வழக்கு. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த தமிழாசிரியர், கவிஞர். ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பைக் காட்டி, மாணவர்களுக்குத் தீவிரவாதம் ஊட்டினார் என்று 2020 மே மாதம் கைது செய்தார்கள். தமிழில் அந்த நூலை வாசித்தவர்கள் அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருப்பதை எடுத்துக் காட்டினார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. போன நாட்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

இதைப் பார்த்த ஓர் அரசாங்க ஆசிரியர் என்ன செய்வார்? அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவை வேறு தலைக்கு மேல் இருக்கிறது. ‘அதெல்லாம் சோதினைக்கு வராது, விடுங்க பிள்ளையள்’ என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளை வீட்டில் காத்தான்குடியைக் கேட்காமல் சத்துருக்கொண்டானை மட்டும் கேட்கிறது. காத்தான்குடிப் பிள்ளைக்கு நேர்மாறு. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கக்கூடிய இடம் பள்ளிக்கூடம் ஒன்றே.

வெறுப்புப் பேச்சை அளக்க ஐ.நா. 2012இல் ரபாத் செயல்திட்டத்தில் ஆறு அளவுகோல்களை முன்வைத்தது: சூழல், பேசுபவர், நோக்கம், உள்ளடக்கம், பரவல், தீங்கு நேரும் சாத்தியம். ஆகஸ்ட் 3ஐயும் செப்டெம்பர் 9ஐயும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியர் இந்த ஆறில் எதிலும் அகப்பட மாட்டார். பக்கத்து வாங்குப் பிள்ளையை அதன் சமூகத்தின் பேரால் குற்றவாளி என்று சுட்டுபவர் அகப்படுவார், அகப்படவும் வேண்டும். கல்வி அமைச்சு இந்த வேறுபாட்டைச் சுற்றறிக்கையாக எழுதி, பொலிஸுக்கு முறைப்பாடு போகுமுன் பாடக்குறிப்பை வலயக் கல்விப் பணிமனை பார்க்க வேண்டும் என்று நடைமுறை வகுத்தால், பட்டிருப்பு வலயத்தில் ஓர் ஆசிரியர் அந்தப் பாடத்தை எழுந்து நின்று நடத்துவார்.