கரை நாடா எறிந்தவர்

எனது தந்தையார் காஞ்சிபுரத்தில் நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் பட்டு நெய்தார். விடியுமுன் தறியில் அமர்ந்தால், விளக்கேற்றிய பின்னரே எழுவார். ஐப்பசி, கார்த்திகையில் குழியில் நீர் ஊறும், தறி ஓடாது, கூலியும் இராது. சங்கம் நிறுத்துக் கொடுத்த பட்டிலும் ஜரிகையிலும் அவர் கணக்கு ஒருமுறையும் குறைந்ததில்லை.

கோர்வைச் சேலை தனியொருவர் நெய்யக்கூடியதன்று என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறிய அருகில் மற்றொருவர் அமர்ந்தாக வேண்டும். எங்கள் இல்லத்தில் அவ்விடத்தில் அமர்ந்தவர் என் தமக்கையார். அவருடைய படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. தார் சுற்றியவர் அன்னையார். நான் மட்டும் கல்லூரிக்குச் சென்றேன்.

“அக்காளையும் படிக்க வைத்திருக்கலாமே, அப்பா” என்று ஒருநாள் கேட்டேன். தந்தையார் நாடாவை நிறுத்தவில்லை. “வைத்திருக்கலாம்” என்றார். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று ஆய்வாளனாகச் சங்கங்களின் கூலிப் பதிவேடுகளைப் பார்வையிடுகிறேன். ஒரு சேலைக்கு ஒரு பெயரே எழுதப்பட்டிருக்கிறது. கணக்கில் பிழையில்லை. ஆயினும் நெசவாளர் இல்லங்களுக்குச் செல்லும்போதெல்லாம், “கரை நாடா எறிபவர் யார்?” என்று வினவாமல் திரும்ப என்னால் இயலவில்லை.